பூ விழாத வெள்ளிக்கிழமைகள்

என் மனைவி என்னை விட்டுப் போன செய்தியை எனக்குச் சொன்னவர் பால்காரர். அதுவும் அவள் போய் இரண்டு நாள் கழித்து.

ஆடி மாதத்துக் காலை. ஆவடி ரயில்வே குடியிருப்பில் என் வீட்டு வாசலில் சொம்பும் கையுமாக நின்றிருந்தேன். பால்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். கூப்பிட்டேன். நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாட்டிடம் சொல்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"பால் வாணாம்னு அம்மா முந்தாநேத்தே சொல்லிட்டாங்களே ஐயா. பொட்டியத் தூக்கிகினு போறப்ப சொன்னாங்க. ஆடிக்கு அம்மா ஊட்டுக்குப் போறாங்களாம். ஐயா கேட்டா சொல்லச் சொன்னாங்க. நீங்கதான் கேக்கவே இல்ல."

அந்த இரண்டு நாளும் நான் ஊரில்தான் இருந்தேன். ஸ்டேஷன் ஜன்னலில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தேன், சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போனேன், இருட்டியதும் வந்து படுத்தேன். வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை என்பதைக் கவனிக்காமல் இல்லை. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கோபம் அப்படித்தான் இருக்கும், சத்தமே வராது.

ஆடிக்குத் தாய் வீடு போவது புதுப்பெண்களுக்கான வழக்கம். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். செங்கல்பட்டு ஜில்லாவில் பதினோராவது ஆடிக்குப் பிறந்த வீடு போன பெண் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். புருஷன் குடிகாரன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளாமல், பஞ்சாங்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு மரியாதையாகப் போயிருந்தாள். அந்த மரியாதைதான் என்னைக் குத்தியது. திட்டிவிட்டுப் போயிருந்தால் பதிலுக்குத் திட்டிக்கொண்டு இன்னும் ஒரு மாதம் குடித்திருக்கலாம்.

அவள் பிறந்த வீடு திருவள்ளூரில், ரயில்வே கேட்டை ஒட்டி இருந்தது. மூன்று கடிதம் எழுதினேன். நாலு புத்தகம் படித்தவன் எழுதிய கடிதங்கள் ஆனதால் அவற்றில் நிலா, அன்றில், ஆறாத புண் எல்லாம் இருந்தன. பதில் ஒரு கார்டில் வந்தது. கார்டு என்பதால் தபால்காரரும் ஸ்டேஷன் மாஸ்டரும் படித்த பிறகு என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரே வரி: "தெளிந்த பிறகு நேரில் வந்து கூப்பிடவும்."

இரண்டு நிபந்தனை. நேரில் வருவது சுலபம், ரயில்வேக்காரனுக்கு டிக்கெட் கூட வேண்டாம். முதல் நிபந்தனைதான் மலையாக நின்றது.

என் குடி வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படித்தவன் என்ற முறையில் சீமைச் சரக்கில் ஆரம்பித்தேன். குமாஸ்தா என்ற முறையில் சாராயத்துக்கு இறங்கினேன். கடைசியில் கள்ளுக்கு வந்து சேர்ந்து, இது சுதேசி என்று அதற்கு ஒரு நியாயமும் கண்டுபிடித்தேன். கதர் கட்டிய தொண்டர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தபோது இந்த நியாயத்தை அவர்களுக்கு விளக்கப் போனேன். குடிக்க வேண்டாம் என்று கெஞ்சி என் காலில் விழுந்தார்கள். நான் ஆசீர்வாதம் செய்துவிட்டு உள்ளே போனேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

கார்டு வந்த அன்று சாயங்காலம், அதைப் பற்றி யோசிப்பதற்காகக் கள்ளுக்கடைக்குப் போனேன். கடை காலியாக இருந்தது. என் கூட்டாளியைக் காணோம். கூட்டாளி என்றால், கோவில்பதாகை ஏரிக்கரையில் வேப்பமரத்தடி அம்மனுக்குப் பூசாரி. அவர் சேரிக்காரர்களின் அம்மன் அது. பகலில் செங்கல் சூளையில் மண் மிதிப்பார், பொழுது சாய்ந்தால் அம்மனுக்கு விளக்கு வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்காருவார். இரண்டு மொந்தை உள்ளே போனால் என்னை "மச்சான்" என்பார். காலையில் சூளைப் பக்கம் பார்த்தால் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "ஐயா" என்பார். நானும் அந்த மச்சான் நானில்லை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போவேன்.

ஏரிக்கரைக்குத் தேடிக்கொண்டு போனேன். பூசாரி குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல், அதில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு.

"இன்னா ஐயா, இம்மாந்தூரம்?"

"கடைக்கு வரவில்லையே?"

"காப்பு கட்டிக்கீறேன் ஐயா. ஆடித் திருவிழா முடியற வரிக்கும் பத்து நாளு. மோந்துகூடப் பாக்க மாட்டேன். எல்லையும் தாண்ட மாட்டேன்."

"பத்து நாள் எப்படி முடிகிறது உனக்கு?"

"இன்னா எப்டி. மொந்தையத் தூக்கணும்னா கையத் தூக்கணும். கையத் தூக்கனா நூலு கண்ணுல படுதில்ல."

எனக்கும் கட்டு என்று கையை நீட்டினேன். இதில் பக்தி கடுகளவும் கிடையாது. கடவுள் இல்லை என்று நிரூபிக்கும் புத்தகங்கள் அப்போது என்னிடம் இரண்டு இருந்தன. பத்து நாள் தனியாகக் குடிக்க எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். பூசாரி என் கையைத் தொடத் தயங்கினார். பிறகு அம்மனைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கட்டினார்.

மறுநாள் போனபோது, செய்தி கேள்விப்பட்டுக் காப்புக் கட்டிக்கொள்ளக் கடைக் கூட்டாளிகள் இன்னும் மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவர் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஜட்கா ஓட்டிய பாய். கள்ளைத் தொடுவது பாவம் என்பதில் உறுதியானவர், அபினைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை என்பது அவர் கட்சி. இன்னொருவர் ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர், பெரம்பூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருக்கு ரம். மூன்றாவது ஆள் ஒரு பெண். கள்ளுக்கடை வாசலில் சுண்டலும் வறுத்த கருவாடும் விற்றவர், புருஷன் இல்லாதவர். வியாபாரம் முடிந்ததும் கடைக்குள் திரும்பி உட்கார்ந்து அன்றைய லாபத்தைக் குடித்துவிட்டுப் போவார். எங்கள் எல்லோரையும்விட அவருக்கு வாய் அதிகம், குடியும் அதிகம்.

பாய் தர்காவிலிருந்து ஒரு பச்சைக் கயிறு கொண்டுவந்திருந்தார். டிரைவர் தன் ஜபமாலையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். "முடிச்ச மட்டும் நீ போடு மேன்," என்றார் பூசாரியிடம். பூசாரி எல்லோருக்கும் ஒரே மாதிரி முடிச்சுப் போட்டார். டிரைவரும் பாயும் எல்லை தாண்டாமல் தொழில் செய்ய முடியாது. பூசாரி கொஞ்சம் யோசித்து, கால் மண்ணில் படாவிட்டால் தாண்டினதாகக் கணக்கில்லை என்றார். அன்றிலிருந்து பாய் பூந்தமல்லி வரை வண்டியை விட்டு இறங்காமல் போய் வந்தார். குதிரைக்குத் தண்ணீர் காட்டக்கூட அங்கே வேறொருவரைக் கெஞ்சினார்.

குடிக்கிறவனுக்கு ஒரு நேரம் உண்டு. என் நேரம் சாயங்கால பாசஞ்சர் போன பிறகு. ரயில் போன சத்தம் அடங்கியதும் நாக்கின் அடியில் ஏதோ ஊறும், கை தானாக மேஜையைத் தட்டும். அந்த நேரத்துக்கு ஐந்து பேரும் ஏரிக்கரையில் கூடினோம். தண்ணீருக்கு அப்பால் பனைமரங்கள். அவற்றின் உச்சியில் பானைகள். மரமேறிகள் ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரியும். நாங்கள் ஐந்து பேரும் ஊருக்குப் போன உறவுக்காரரை ஸ்டேஷனில் நின்று பார்ப்பதுபோல் அந்தப் பானைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த ஏக்கத்தை எந்தப் புலவரும் சரியாகப் பாடவில்லை. பாடியிருந்தால் நான் படித்திருப்பேன்.

ஐந்து பேரும் கூடிய முதல் நாள் பூசாரி அம்மனுக்குப் படைத்த கேழ்வரகுக் கூழைக் கொண்டுவந்து வைத்தார். ஒரே குடம். மொந்தைகள் கள்ளுக்கடை மொந்தைகள்தான், சுண்டல்கார அம்மாள் வியாபாரத்தை விட்டபோது கொண்டுவந்தவை. முகந்து என்னிடம் நீட்டினார். என் கை நீளவில்லை.

நம்புங்கள், எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆறு வருஷமாக அதே பூசாரியோடு, அதே மாதிரி மொந்தையில், சில நாள் ஒரே மொந்தையில் குடித்தவன் நான். அங்கெல்லாம் எட்டிப் பார்க்காத சாதி, தெளிந்திருந்த முதல் சாயங்காலம் எனக்கு முன்னால் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. பூசாரி தப்புச் செய்தவர்போல் மொந்தையைப் பின்னுக்கு இழுத்தார்.

அம்மாள் சிரித்தார். "இன்னா டேசன் ஐயா, கள்ளுல கரையிது, கூழுல கரையாதா?"

வாங்கிக் குடித்தேன். ருசியைப் பற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்றுவரை நான் குடித்தவற்றில் அதைப் போல் தொண்டையில் நின்று இறங்கியது வேறு இல்லை.

கூழுக்குப் பிறகு அவரவர் சாமி. பாய் கரையிலேயே துண்டை விரித்துத் தொழுவார். டிரைவர் கண்ணை மூடி மணிகளை உருட்டுவார். பூசாரி சூடம் ஏற்றுவார், அம்மாள் அவர் பின்னால் நின்று அம்மனோடு சண்டை போடுவார். எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. சும்மா இருந்தால் கண் பனைமரத்துக்குப் போனது. அதனால் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தேன்: ஆவடி, பட்டாபிராம், போர்டில் தின்னனூர் என்று எழுதியிருந்த திருநின்றவூர், செவ்வாப்பேட்டை, திருவள்ளூர். திருவள்ளூர் வந்ததும் நிறுத்திவிடுவேன். மறுபடி ஆவடியிலிருந்து. ஒரு நாள் பாய் தொழுகை முடிந்து திரும்பி, "பாபு, உங்க மந்திரத்துல டிரெயின் வாசன வருதே," என்றார். யாரிடமும் சொல்லாதிருந்த கார்டைப் பற்றி அப்போதுதான் சொன்னேன்.

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டிரைவர்தான் முதலில் பேசினார்.

"கேட் பக்கத்துல ஓட்டு வீடு, முருங்கை மரம். அதா மேன்? டெய்லி காலைல முதல் பாசஞ்சர அது வழியாத்தான் கொண்டு போறேன். நான் ஊதறேன். நீ நேத்து குடிக்கலன்னா ஊதறேன். குடிச்சா ஊத மாட்டேன்."

"அவளுக்கு எப்படிப் புரியும்?"

"புரியாது மேன். எனக்குத் தெரியுமில்ல."

அதிலிருந்து தினமும் விடியற்காலையில் நான் விழித்துப் படுத்திருப்பேன். ஆவடியிலிருந்து திருவள்ளூருக்கு ஊதல் கேட்காது. ஆனாலும் வண்டி கேட்டுக்கு வந்திருக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டு, இப்போது என்று சொல்லிக்கொள்வேன். முருங்கை மரத்தடியில் கோலமாவுக் கிண்ணத்தோடு அவள் நிமிர்ந்து பார்ப்பதாக ஒரு படம் வரும். அந்தப் படத்துக்காக ஒரு நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கலாம்.

பத்தாம் நாள் காப்பு அவிழ்க்க வேண்டும். சேரியில் மற்ற எல்லோருக்கும் பூசாரி அவிழ்த்துவிட்டார். எங்களிடம் வந்தபோது முடிச்சில் விரலை வைத்தபடி நின்றுவிட்டார். எனக்குக் காரணம் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அவிழ்த்த கையோடு நேராகக் கடைக்குப் போகிறவர் அவர். அந்த வருஷம் ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காற்றும் எங்களைப் பார்த்து வீசியது. அன்று இறக்கிய கள்ளின் வாசனை.

"அவுக்கறதா வாணாமான்னு அம்மாவையே கேப்பமே," என்றார் பூசாரி.

பூக் கேட்பது எல்லோரும் அறிந்ததுதான். அம்மன் தலையில் வலப்பக்கம் ஒரு பூ, இடப்பக்கம் ஒரு பூ. வலது பூ விழுந்தால் உத்தரவு. விழாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கேட்க வேண்டும். பூசாரி இடது பூவைத் தண்ணீர் தொட்டு வைத்தார். வலது பூவை, கெட்டியாக அரைத்த மஞ்சளை அப்பி, கட்டை விரலால் அழுத்தி ஒட்டினார். சூளையில் வேலை செய்கிற விரல். இடது பூ விழுந்தது. வலது பூ இருந்த இடத்தில் இருந்தது.

"உத்தரவு இல்ல," என்றார் பூசாரி, ரொம்ப வருத்தப்பட்டவர்போல.

அம்மாள் எனக்கு மட்டும் கேட்கும்படி, "அம்மாவுக்கே காப்பு கட்டிட்டாரு நைனா," என்றார்.

இப்படித்தான் நாங்கள் குடியை விட்டோம். ஒரேயடியாக விட எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் விட்டோம். ஒவ்வொரு வெள்ளியும் பூசாரி மஞ்சள் அரைத்தார். பூ ஒட்டப்பட்டிருக்கிறது என்பது ஐந்து பேருக்கும் தெரியும். ஆனாலும் நான் ஒவ்வொரு வாரமும் அந்த வலது பூவைப் பார்த்தபடி, விழாதே விழாதே என்று வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். கடவுள் இல்லை என்று நிரூபித்த புத்தகங்களில் இதற்கு விளக்கம் தேடினேன். அந்த ஆசிரியர்கள் கோவில்பதாகைக்கு வந்ததில்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளி, நல்ல மழை. பாய் ஜட்காவின் படுதாவைக் கழற்றி வந்து அம்மன் மேல் பிடித்துக்கொண்டு நின்றார். சாரலில் மஞ்சள் கரைய ஆரம்பித்தது. வலது பூ நகர்ந்தது. அம்மனின் நெற்றி வரை வழுக்கி வந்துவிட்டது. பூசாரி சூடத் தட்டோடு அப்படியே நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன், ஏமாற்றுகிறவர் முகமாக இல்லை. விழுந்தால் அவிழ்த்துவிடுவார், அவிழ்த்தால் அன்றே ஐந்து பேரும் ஏரியைச் சுற்றிக்கொண்டு போய்விடுவோம் என்று ஐந்து பேருக்கும் தெரியும்.

பாய் படுதாவை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்றக் கையின் கட்டை விரலால் பூவை மேலே தள்ளி அழுத்திப் பிடித்துக்கொண்டார். பச்சைக் கயிறு கட்டிய கை. பூசாரி கண்ணை மூடிக்கொண்டார். சூடம் எரிந்து முடிகிறவரைக்கும் பாய் விரலை எடுக்கவில்லை.

"விழல," என்றார் பூசாரி, கண்ணைத் திறக்காமலே.

"விழல," என்றோம் நாங்கள்.

கார்த்திகையில் டிரைவர் சொன்னார், "எத்தன நாளுக்கு மேன் ஊதறது? போய்க் கூப்பிடு." தெளிந்துவிட்டேன், நேரில் போகலாம். ஆனால் காப்போடு எல்லை தாண்டக் கூடாது. காப்பை அவிழ்த்தால் தெளிவு நிற்குமா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. ஒரு சாயங்காலம் முழுக்க இதை விவாதித்தோம். டிரைவர் ஒரு தீர்ப்பு சொன்னார்: தண்டவாளம், பிளாட்பாரம், ஸ்டேஷன் எல்லாம் ரயில்வே நிலம், ஆவடியிலிருந்து திருவள்ளூர் வரை ஒரே சொத்து, அதில் நடந்தால் எல்லை தாண்டினதாகாது. திருவள்ளூர் ஸ்டேஷன் படியிலிருந்து வீடு வரைக்கும்தான் சிக்கல். அங்கே பாயின் மச்சான் ஜட்கா ஓட்டினார். வண்டியைப் படியோடு ஒட்டி நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பப்பட்டது.

"ஊட்டாண்ட போயி?" என்றார் அம்மாள்.

"வண்டியில் இருந்தபடியே கூப்பிடுகிறேன்."

"வந்துடுவாங்க பாரு," என்றார் அம்மாள். பூசாரி அவரை முறைத்தார்.

அப்படியே போனேன். சலவை வேட்டி, வலது கையில் நாலு மாதத்து அழுக்கேறிய மஞ்சள் நூல். ஜட்கா முருங்கை மரத்தடியில் நின்றது. சத்தம் கேட்டு அவளே வாசலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பிரிவுத் துயரம் என்று எடுத்துக்கொண்டேன்.

"வந்து கூப்பிடச் சொல்லி எழுதியிருந்தாய். வந்திருக்கிறேன்," என்றேன், வண்டிக்குள்ளிருந்து.

"இறங்குங்க."

"இல்லை, இப்படியே..."

"வாசல் வரைக்கும் வந்துட்டு வண்டியிலேயே உக்காந்திருந்தா என்ன அர்த்தம்?"

"இறங்கக் கூடாது."

"கூடாதா, முடியலையா?"

பாயின் மச்சான் உதவிக்கு வந்தார். "அம்மா, பாபு சுத்தமா குடிக்கல. காலு மட்டும் தரைல படக் கூடாதாம்." இந்த மாதிரி சாட்சி குடிகாரனுக்கு மட்டும்தான் கிடைக்கும். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம்கூட இல்லை அதில். பழைய பொருளை விற்றுவிட்டதுதான் சரி என்று தீர்மானித்தவள் பார்வை. திரும்பி உள்ளே போனாள்.

இறங்கினேன். யோசித்து இறங்கினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், அவள் முதுகு கதவுக்குள் மறைவதைப் பார்த்த பிறகு கால் எப்போது மண்ணில் பட்டது என்பது எனக்குத் தெரியாது. வாசலில் சாக்கடை, அதன் மேல் ஒரு முழ அகலத்தில் ஒரு கல். பழைய நாட்களில் அந்தக் கல்லைத் தாண்ட எனக்கு இரண்டு பேர் வேண்டும். நேராக நடந்து போய்க் கதவருகில் நின்றேன். சத்தம் கேட்டுத் திரும்பினாள். கல்லைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், அப்புறம் கையைப் பார்த்தாள்.

"இதென்ன?"

"காப்பு. ஆடியில் கட்டினது."

"இன்னுமா அவிழ்க்கலை?"

"உத்தரவு கிடைக்கவில்லை."

ஏதோ சிரிக்கப் போவதுபோல் உதடு அசைந்தது, ஆனால் சிரிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். "போயிட்டு வாங்க. பார்க்கலாம்," என்றாள். என்னோடு வரவில்லை.

திரும்பி வரும் வண்டியில் ஸ்டேஷன் பெயர்கள் தலைகீழாக வந்தன. எல்லையைத் தாண்டி மண்ணை மிதித்தாயிற்று, அவளும் வரவில்லை. இரண்டும் போன ஆளாக ஆவடியில் இறங்கி, ஏரிக்கரைக்கு நடந்தேன். நாலு பேரும் காத்திருந்தார்கள். என் பின்னால் யாரும் வரவில்லை என்பதைப் பார்த்ததும் டிரைவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன். காப்பு முறிந்துவிட்டது, அவிழ்த்துவிடு என்று பூசாரியிடம் கையை நீட்டினேன்.

அம்மாள்தான் கேட்டார். "டேசன்லேந்து எப்டி வந்த?"

"நடந்து."

"எந்தப் பக்கமா?"

"தோப்பு வழியாக."

"தோப்புல கள்ளுக்கட தொறந்து கீதா?"

எனக்குத் தெரியவில்லை. அந்த வழியாகத்தான் வந்தேன். கடையைத் தாண்டாமல் வர முடியாது. ஆனால் பார்த்த ஞாபகமே இல்லை.

"அத்தத் தாண்டி வந்துக்கீற இல்ல, அப்றம் இன்னா எல்ல," என்றார் அம்மாள்.

பூசாரி என் கையைப் பிடித்து, முடிச்சை அவிழ்க்காமல் இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். கூழை முகந்து என்னிடம் நீட்டினார்.

"குடி மச்சான்," என்றார்.

அன்று வெறும் கூழ்தான் குடித்திருந்தார் அவர். ஒரு சொட்டுக் கள்ளும் இல்லாமல் அவர் என்னை மச்சான் என்றது அதுதான் முதல் தடவை. நான் மொந்தையை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எடுக்கவில்லை. முகத்தை மறைக்க அது ஒன்றுதான் இருந்தது.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியான வண்டியில் அவள் வந்து இறங்கினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிக்கெட் ஜன்னலுக்கு வந்து, "வீட்டுச் சாவி," என்றாள். கொடுத்தேன். அவள் பின்னால் வரிசையில் நின்றவருக்குத் திருவள்ளூருக்கு டிக்கெட் கொடுத்துவிட்டேன். அவர் கேட்டது சென்னைக்கு.

பிறகு யுத்தம் வந்தது. ஆவடியைச் சுற்றி ராணுவக் கூடாரங்கள் வந்தன. ஏரிக்கரைக்குப் போகும் வழியில் கம்பி வேலி போட்டார்கள், சூளையை மூடினார்கள், சேரியைக் கிளப்பினார்கள். பனந்தோப்பும் போயிற்று. கள்ளுக்கடை மட்டும் நான்கு பர்லாங்கு தள்ளி முதலில் இடம் பிடித்துவிட்டது. டிரைவருக்கு ஜோலார்பேட்டைக்கு மாற்றல். முதலில் கார்டு போட்டார், பிறகு நின்றுவிட்டது. பாய் குதிரையை விற்றுவிட்டு வேலப்பன்சாவடிப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். பூசாரி அம்மனைத் துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு கொரட்டூர் பக்கம் போனார். கூழ்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாளும் கூடப் போனார்.

ஒரு வருஷம் கழித்துக் கொரட்டூரில் பூசாரியைப் பார்த்தேன். தூரத்திலிருந்தே "மச்சான்" என்று கூப்பிட்டார். பக்கத்தில் போனதும் வாசனையிலேயே எந்த மச்சான் என்று தெரிந்தது. மணிக்கட்டில் நூல் இல்லை. "நீங்கள்லாம் இல்லாம யாருக்கு மஞ்சள் அரைக்கறது," என்றார். சூளை மண் மிதித்த அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உனக்கு நான் அரைக்கிறேன், வா என்று சொல்லியிருக்க வேண்டும். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பொட்டலம் மஞ்சளோடு போனேன். அவர் அங்கே இல்லை. அம்மாளும் இல்லை. எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

என் காப்பை யாரும் அவிழ்க்கவில்லை. அதுவாகவே இற்று, ஒரு நாள் டிக்கெட் கொடுக்கும்போது மேஜையில் விழுந்தது. ஒரு தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். இன்றைக்கும் சாயங்கால பாசஞ்சர் போன பிறகு நாக்கின் அடியில் ஊறுகிறது. அது போகவே இல்லை. ஆனால் இப்போது எதற்காக ஊறுகிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கள்ளுக்கா, அந்தக் கூழுக்கா, குடிக்க வேண்டாம் என்று ஐந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து தண்ணீருக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்துக்கா. ஆவடி, பட்டாபிராம் என்று ஆரம்பிக்கிறேன். திருவள்ளூரில் நிறுத்துவதில்லை, அவள் இங்கே வந்துவிட்டாளே. ஜோலார்பேட்டை வரைக்கும் போகிறேன்.

இவ்வளவையும் எழுதி முடித்து நேற்று அவளிடம் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். மழையில் பூ வழுக்கிய இடத்தில் கை நின்றது. முடிந்ததும் முறத்தை ஒதுக்கி வைத்தாள். சரி, மனம் இளகிவிட்டது என்று காத்திருந்தேன்.

"அந்த ஊதல் உங்க ஆள் வேலைதானா," என்றாள். "தினம் விடியக்காலை வீட்டுக்கு நேரா வந்ததும் காது கிழிய ஊதுவான் படுபாவி. ஆடியிலேர்ந்து ஒரு நாள்கூட நான் கண்ணை மூடலை. தூக்கம் கெட்டுப்போய்த்தான் கிளம்பி வந்தேன்."